நிற்கிறவனுக்கு உள்ளங்கால் தெரியாது

அன்புள்ள மகளுக்கு,

உன் அம்மா சுகம். உன் மாமா தேவைக்கு மேலேயே சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். எழுத உட்கார்ந்தால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும் என்பதால் முதலிலேயே வரிசை போட்டுக்கொள்கிறேன்.

1. உன் மாமா.
2. தோலை நீயே சோதித்துக்கொள்ளும் முறை.
3. இதற்கு அடுத்தவர் கண் தேவையில்லை, முட்டாளின் கண் தேவையே இல்லை.
4. என் கால். (முந்திக்கொண்டு இதை முதலில் படிக்காதே.)

நாலு நாள் தங்குவதாக வந்த உன் அம்மாவின் தம்பி மூன்று மாதமாக இங்கேதான் இருக்கிறார், சோபாவில் அவர் படுக்கும் இடம் பள்ளமாகிவிட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு நான் கதவைச் சாத்திக்கொண்டு தோலைச் சோதிப்பது உனக்குத் தெரியும். வெளியே வந்தால், "என்ன மச்சான், மச்சமெல்லாம் எண்ணியாச்சா? ஏதாவது குறைஞ்சா சொல்லுங்க, போலீஸ்ல எழுதிக் குடுத்துடலாம்" என்று சொல்லித் தானே சிரிக்கிறார். மச்சத்தைப் பற்றி அவருடைய படிப்பு 'மச்சக்காரன்' என்ற சொல்லோடு முடிந்துவிட்டது. அதற்கு மேல், மச்சம் எழும்பி நின்றால் நூலைக் கட்டி இழுத்தால் விழுந்துவிடுமாம், நம்முடைய நிறத்துக்குத் தோலில் புற்றுநோயே வராதாம். அந்த நிறத்தை மாற்றத்தான் தினமும் கண்ணாடி முன்னால் அரைமணி நேரம் முகத்தில் கிரீம் தேய்க்கிறார், கழுத்துக்குக் கீழே தனக்குத் தோல் இருப்பதே அவருக்குத் தெரியாது. நேரில் இதில் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துணிவில்லை. "அப்படியா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். இந்தக் கடிதத்தையும் அவர் தூங்கும்போதுதான் எழுதுகிறேன், அதாவது எந்நேரமும் எழுதலாம்.

இனி முறை. குளித்துத் துடைத்த பிறகு, நல்ல வெளிச்சத்தில், ஆளுயரக் கண்ணாடியும் ஒரு கைக்கண்ணாடியும் வைத்துக்கொள். தலைமுடியை வகிர்ந்து வகிர்ந்து பார், காதுக்குப் பின்னால், கழுத்து, அக்குள், முதுகு, தொடையின் பின்புறம் என்று இறங்கு. ஒரு மச்சத்தின் பாதி மறுபாதியோடு ஒத்துப்போகிறதா, ஓரம் ஈரத்தாளில் மை ஊறியதுபோலப் பிசிறடித்திருக்கிறதா, ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறமா, பென்சில் நுனி ரப்பரைவிடப் பெரிதா, எல்லாவற்றுக்கும் மேலாகப் போன மாதத்துக்கு இந்த மாதம் மாறியிருக்கிறதா என்று பார். வாரக்கணக்கில் ஆறாத புண்ணையும் விடாதே. சந்தேகம் வந்தால் நீயே தீர்ப்பு எழுதாமல் மருத்துவரிடம் காட்டு. மறதிக்கு மருந்தாக நான் படம் போட்டு வைத்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருடம் பம்புத் தொழிற்சாலையில் வரைபடம் போட்ட கை அல்லவா, முன்தோற்றம், பின்தோற்றம், இரண்டு பக்கத்தோற்றம், ஒவ்வொரு மச்சத்துக்கும் எண், பக்கத்தில் மில்லிமீட்டர். மொத்தம் நாற்பத்தொன்று. இப்படி ஒரு படம் இருந்தால் அடுத்தவரைக் கூப்பிட்டு முதுகைக் காட்டி மானம் போக வேண்டியதில்லை என்பதே என் மூன்றாவது விஷயம். அதை விரித்து எழுதத்தான் நினைத்தேன், ஆனால் நான்காவது குறுக்கே வந்து நிற்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மின்விசிறியைத் துடைக்க ஸ்டூலில் ஏறினேன். பிடித்துக்கொள்ளச் சொன்னால் உன் மாமா ஒரு கையால் ஸ்டூலையும் மறு கையால் பிஸ்கட்டையும் பிடித்துக்கொண்டு நின்றார். எட்டவில்லை என்று குதிகாலைத் தூக்கினேன். "மச்சான், காலுல மை கொட்டிக்கிட்டீங்களா?" என்றார். பென்சில்காரனுக்கு ஏது மை என்று மனதுக்குள் இகழ்ந்துகொண்டேன். அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "போக மாட்டேங்குதே. அட, உள்ளங்காலுல கூட மச்சமா! மச்சக்காரர்தான் போங்க" என்றார். இறங்கி என் படத்தை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் அது இல்லை. எப்படி இருக்கும், நான் வரைந்தது நிற்கிற மனிதனை. எந்தப் பம்புக்கும் கீழ்த்தோற்றம் போடாமல் விட்டதில்லை, எனக்கு நான் போடவில்லை. ஏழு மில்லிமீட்டர், ஒருபக்கம் பிசிறு, பழுப்பும் கறுப்பும். செருப்புச் சாயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. இவ்வளவு சட்டம் பேசுகிற உன் அப்பாவின் வீரம் அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் சாப்பிடும்போது உன் மாமா சத்தமாக, "அக்கா, மச்சான் காலுல ஒரு மச்சம் இருக்கு பாரு, வரைபடம் மாதிரி" என்று சொல்லிவைத்தார். உன் அம்மா அன்று மாலையே என்னை மருத்துவரிடம் இழுத்துப் போனாள். துளித் தோல் எடுத்துச் சோதித்தார்கள், நம் நிறத்துக்கு வராது என்று உன் மாமா சொன்ன அந்தப் புற்றுநோயேதான். சுற்றியுள்ள நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டினார்கள். தோலுக்கு மேலேயே நின்றிருக்கிறது, உள்ளே இறங்கவில்லை. "நம்ம நிறத்துக்கு இது உள்ளங்கால்லயும் நகத்துக்கு அடியிலயும்தான் ஒளிஞ்சுக்கும். ஒரு வருஷம் விட்டிருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்" என்றார் மருத்துவர். தையல் பிரித்தாகிவிட்டது, பயப்படாதே, இப்போது ஸ்டூலில் இருப்பது என் கால் மட்டும்தான். உன் மாமா பார்த்தது குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்த கதைதான் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "பூனை பாஞ்சுது, உங்க கண்ணாடி பாயலையே" என்றாள்.

அப்பாவுக்கு வந்தது பிள்ளைக்கும் வரலாம் என்கிறார்கள். ஆகையால் இன்றைக்கே உள்ளங்கால், உள்ளங்கை, விரலிடுக்கு எல்லாம் பார். நகத்துக்கு அடியில் கறுப்புக் கோடு இருக்கிறதா பார். பார்த்து எழுது. நூறு வயது குறையில்லாமல் இரு, எங்கள் ஆசிகள் எப்போதும் உனக்கு.

மேலே வரிசையில் மூன்றாவதாக எழுதியது தவறு. அடித்துவிட மனம் வரவில்லை, அப்படியே விட்டு இங்கே திருத்துகிறேன். உன்னோடு தங்கியிருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு முதுகையும் காலையும் காட்டு. அவள் முட்டாளாக இருந்தாலும் பரவாயில்லை, காட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா
(நாற்பத்திரண்டாவதை மாமா கண்டுபிடித்தார் என்று படத்தில் எழுதிவிட்டேன். அவரிடம் சொல்லிவிடாதே.)