பதினோரு நிமிடம் தள்ளி வந்தது

ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறும்போது சொல்யூஷன் வாசனை வந்தது. நம் ஷூ கம்பெனியில் தோல் ஒட்டுகிற அதே பசை. கை வழுக்குகிறது என்று நான் புலம்பியதற்கு, மிஞ்சின கறுப்புத் தோல் துண்டைச் சுற்றி நீ ஒட்டிக் கொடுத்த கைப்பிடிதான். வெயிலிலும் மழையிலும் கிடந்தும் ஓரம்கூடப் பிரியவில்லை. உன் வேலையில் குறை சொல்ல இடமே இருக்காது. நீ இருந்தபோது இதை ஒருநாளும் சொன்னதில்லை, சொன்னால் அப்புறம் உன்னைப் பிடிக்க முடியாது.

ஆம்பூரில் ஒரே மேசையில் பதினாலு வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஜோடி சேர்ப்பது நம் வேலை. இடது காலுக்கும் வலது காலுக்கும் வெட்டி வரும் துண்டுகள் ஒரே நிறமா, ஒரே பருமனா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும். துண்டின் பின்னால் நம்பர் போட்ட டிக்கெட் ஒட்டியிருக்கும். நான் நம்பரைப் பார்த்து மளமளவென்று அடுக்கிவிடுவேன். நீ ஒவ்வொன்றையும் விரலால் தடவிக்கொண்டிருப்பாய். "டிக்கெட்ட நம்பாதடி, தோல தொட்டுப் பாரு. நம்பர் ஒட்டறவனும் மனுசன்தான்" என்பாய். உன்னால் நம் மேசைதான் எப்போதும் கடைசி. சூப்பர்வைசர் திட்டுவது மட்டும் என்னை.

உன் மகள் மேகலாவின் கல்லூரியில் பிள்ளைகள் சேர்ந்து செயற்கைக்கோள் செய்தபோது அதன் படத்தை முதலில் என்னிடம்தான் காட்டினாய். ஷூ டப்பா அளவுதான் இருந்தது. "நம்ம டப்பாலயே போட்டு அனுப்பலாம் போலருக்குதே" என்று சிரித்தாய். அது அனுப்பும் சத்தத்தைக் கேட்க, பழைய டிவி ஆன்டெனாவின் கம்பிகளை வெட்டி மேகலா நமக்கும் கையில் பிடிக்கிற ஆன்டெனா ஒன்று செய்து தந்தாள். அதைச் சின்ன ரேடியோவில் மாட்டி, வேறு செயற்கைக்கோள்களைக் கேட்டுப் பழகினோம். நெருங்கி வரும்போது கீச்சென்று ஒலிக்கும், தாண்டிப் போகும்போது தடித்து இறங்கும். கம்பெனி பஸ்ஸின் ஹாரன் மாதிரி என்று நீதான் கண்டுபிடித்தாய். வானத்தில் கம்பியை நீட்டிக்கொண்டு நீ மெதுவாகத் திரும்புவதைப் பார்த்து, பக்கத்து மாடிக்காரர் கேபிள் ரிப்பேரா என்று கேட்டார். "ஆமாண்ணே, கொஞ்சம் மேல போய்ட்டுது" என்றாய்.

பிறகு மேகலாவின் செயற்கைக்கோள் ராக்கெட்டில் மேலே போனது. பேசவில்லை. கிளம்பும்போது இருந்த மேகலாவின் முகமும் மூன்று வாரம் கழித்து இருந்த முகமும் உனக்குத் தெரியும். அதே சமயத்தில்தான் உனக்கும் உடம்பு முடியாமல் போனது. வேலூர் ஆஸ்பத்திரியில் நீ பாதி தூக்கத்தில் இருந்தாய். மேகலா மருந்து வாங்கப் போயிருந்தாள். "இன்னாடி, பேசுச்சா?" என்று கேட்டாய். நான் யோசிக்கவே இல்லை. "பேசுச்சு. நேத்து சாயங்காலம் நானே கேட்டேன்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய். நான்காம் நாள் போய்விட்டாய்.

அந்தப் பொய் தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. சாப்பிட உட்கார்ந்தாலும் குத்தும். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் மாடி ஏறினேன். கல்லூரியில் எல்லோரும் கைவிட்டாகிவிட்டது. "போதும் சின்னம்மா, அது செத்துப்போச்சு" என்றாள் மேகலா. "நீ சும்மா இரு" என்று அவளை அதட்டினேன். கோபம் அவள்மேல் இல்லை.

ஐந்தாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். செயற்கைக்கோள் நம் ஊரைக் கடக்கும் என்று போனில் காட்டிய நேரம் முழுக்கக் கம்பியைப் பிடித்திருந்து தோள் விட்டுப்போயிற்று. தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்து, ஆன்டெனாவை மடியில் போட்டுக்கொண்டேன். காதிலிருந்த இயர்போனைக் கழற்றச் சோம்பல். போன் கணக்குப்படி அது வடக்கே இறங்கிக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த ஆன்டெனா தெற்கே ஜவ்வாது மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் ஏறி வந்தது. மூன்று குட்டை, ஒரு நெட்டை. மேகலா வாயாலேயே கீச்கீச்சென்று சொல்லி நம்மை மனப்பாடம் செய்ய வைத்தாளே, அவள் செயற்கைக்கோளின் அதே அடையாளம்.

மணியைப் பார்த்தேன். பதினோரு நிமிடம் தள்ளி வந்திருக்கிறது. ஒரே ராக்கெட்டில் ஏகப்பட்ட செயற்கைக்கோள்கள் போயின, ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், அதை வைத்துத்தான் போன் நேரம் காட்டும் என்று மேகலா சொன்னது நினைவுக்கு வந்தது. உடனே அவளுக்குப் போன் செய்தேன். "டிக்கெட்டு மாறிப்போச்சு மேகலா. நாம இத்தன நாளா வேற துண்டத் தேடினு இருந்தோம்" என்றேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாளாம்.

அன்று இரவே அவள் அந்த நம்பர் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். கூடவே போனவற்றில் இன்னொரு நம்பரின் நேரம் நான் கேட்ட நேரத்தோடு அப்படியே பொருந்தியது. முதல் வாரங்களில் பாட்டரி இறங்கி ஊமையாகக் கிடந்திருக்கும், அது விழித்தபோது எல்லோரும் வேறொன்றின் நேரத்துக்குக் காத்திருந்தோம் என்றாள். அடுத்த ஞாயிறு அவளே வந்தாள். புது நம்பர் காட்டிய நொடியில் மலைக்கு மேலே அது பேச ஆரம்பித்தது. அவள் காதில் மாட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன்.

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் நான் சொன்னதை அவளிடம் ஒப்புக்கொண்டேன். "ஒங்கம்மாகிட்ட கடைசியா ஒரு பொய் சொல்ட்டேன், மன்னிச்சிடு" என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தெரியும் சின்னம்மா. அன்னிக்கி சாயங்காலமே அம்மா சொல்ட்டாங்க. 'பேசுச்சுன்னு பொய் சொல்றா, மூஞ்சிய பாத்தாலே தெர்து. வாய விட்டுட்டா இல்ல, இனிமே அதக் கண்டுபுடிக்காம விடமாட்டா. நீ கவலப்படாத'ன்னாங்க."

பதினாலு வருடம் எதிரில் உட்கார்ந்து பார்த்த முகத்தை வைத்துக்கொண்டு உன்னிடம் பொய் சொன்னேனே, என்னைச் சொல்ல வேண்டும். சாகக் கிடந்தவள் என்று நான் இரக்கப்பட, நீ படுத்தபடியே எனக்கு வேலை கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். முதலில் உன்மேல் கோபமாக வந்தது. பிறகு நான் சிரித்ததில் பக்கத்து மாடிக்காரர் எட்டிப் பார்த்தார்.

சில வருடங்களில் அது இறங்கி வந்து எரிந்துபோகும் என்கிறாள் மேகலா. அதற்குள் அடுத்ததை ஆரம்பித்துவிட்டாள். அதைச் செய்கிற குழுவில் என் பெயரையும் எழுதிக்கொண்டார்களாம். மேலே போனதும் முதலில் கேட்க வேண்டியவள் நான்தானாம். கேட்டேன் என்று இனி யாரிடம் சொன்னாலும், கேட்டபிறகுதான் சொல்வேன்.