ராஜகிரி மலைமேல் அப்பா

கும்மிடிப்பூண்டி
ஞாயிறு மதியம்

அன்பு மகள் கிறிஸ்டினாவுக்கு, அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நாங்கள் இரண்டு பேரும் தெம்பாக இருக்கிறோம், நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நடுவில் அழுதுவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

போன சனிக்கிழமை சபை ஆட்களோடு வேனில் செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். வேலையில் ஷெட் கூரையிலிருந்து விழுந்து கால் முறிந்த இந்த ஒன்றரை வருஷமாக அப்பா நம் வீட்டு மாடிப்படிகூட ஏறவில்லை, உனக்கே தெரியும். எலும்பு கூடிவிட்டது, ஏறலாம் என்று டாக்டர் சொல்லியும் அவருக்கு மனசு வரவில்லை. நான்தான் பிடிவாதமாக வேனில் ஏற்றினேன். கீழே கல்யாண மஹால், இடிந்த அரண்மனை எல்லாம் பார்த்தோம், பாதிச் சுவர் இல்லை, ஆனாலும் களஞ்சியத்துக்குள் நின்று பேசினால் குரல் அப்படியே திரும்பி வருகிறது. ராஜகிரி மலை ஏறும் இடம் வந்ததும், "நீ போய்ப் பாத்துக்கினு வா மெர்சி, நான் இங்கியே குந்திக்கினு கீறேன்" என்றார். நானும் கெஞ்சவில்லை, ஏறிவிட்டேன். குரங்கு என் முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டு போனது, இருந்தாலும் உச்சியில் இருக்கிற பீரங்கியைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பினேன்.

இறங்கும்போதுதான் வம்பு. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, பாறைப் பிளவுக்கு மேல் ஒரு சின்னப் பாலம். ஏறும்போது பேசிக்கொண்டே தாண்டிய அருணா, அதுதான் பக்கத்துத் தெரு யேசுதாஸ் அண்ணன் மருமகள், திரும்பும்போது கீழே பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், கம்பியைக் கட்டிக்கொண்டு நடுப்பாலத்தில் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டோம், ஜெபம் பண்ணினோம், ஒருவர் கையைப் பிடித்து இழுக்கப் போக அலறிவிட்டாள். அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து, "அந்தப் பொண்ண யாரும் தொடாதீங்கபா" என்று ஒரு குரல். பார்த்தால் உன் அப்பா! சட்டையெல்லாம் வேர்வை, கையில் தடி. சும்மா உட்கார முடியாமல் வழியில் இருக்கிற ஒவ்வொரு கோட்டை வாசலிலும் நின்று நின்று ஏறி வந்திருக்கிறார்.

தடியை ஓரமாகப் போட்டுவிட்டுப் பாலத்துக்குள் போய் அவள் முன்னால் குனிந்தார். "இன்னாமா, கீய பாத்துட்டியா? நான் கீய வுய்ந்தே பாத்துக்கீறேன். என் சட்டக் காலரயே பாரு, மெதுவா ஏந்திரு" என்றார். அழுகைக்கு நடுவில் அவள் சிரித்துவிட்டாள். அவளைத் தன் பின்னால் அடி அடியாக நடத்திக் கரை சேர்த்தார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், நடுக்கமே இல்லை. இறங்கலாம் என்றால், "இவ்ளோ தூரம் வந்துட்டு பீரங்கியப் பாக்காம போவனா" என்று மறுபடி பாலத்தைத் தாண்டி மேலே போய்விட்டார்.

உயரத்தில் வேலை செய்ய வருகிற புது ஆட்களுக்கு பெல்ட் போடவும் ஏறவும் சொல்லிக்கொடுக்க அப்பாவை அவருடைய காண்டிராக்டர் கூப்பிட்டிருந்தாராம், என்னிடம்கூடச் சொல்லாமல் தட்டிக்கழித்திருக்கிறார். மலையிலிருந்து வந்ததும் ஒத்துக்கொண்டு, போன வியாழக்கிழமையிலிருந்து போகிறார். ஆகவே வேலையை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்றாயே, அந்தப் பேச்சே வேண்டாம். லீவில் வா, மகளாக வா, நர்ஸாக வராதே.

டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் அம்மா,
மெர்சி மோசஸ்

அப்பாவும் ஒரு வரி எழுதுவேன் என்று பேனாவைப் பிடுங்குகிறார்: கிறிஸ்டி, கால் நல்லா வலிக்குதுமா. சந்தோஷமா கீது.