டர்போ ஆறும் வரை

தம்பி,

நேற்று கோயிலிலிருந்து வீடு வந்து சேர்ந்ததும் என் மகள் சட்டென்று சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டாள். சூடான இரும்பும் எண்ணெயும் கலந்த வாசனை மெல்ல வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய். விபூதிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

உன் பச்சை வண்டிதான். நீ போன பிறகு உன் மருமகள் இவள்தான் அதை ஓட்டுகிறாள்.

அதற்காக எவ்வளவு அலைந்தாய்! கிதிர்ப்பூர்ப் பக்கம் பழைய ஜப்பான் இன்ஜின் ஒன்றைப் பிடித்து, ஹவுராவில் பட்டறை வைத்திருந்த உன் சிநேகிதர் பாபுதாவிடம் கொடுத்து மாட்டினாய். அந்தச் சக்தியும் போதவில்லை. சூப்பர்சார்ஜரா, டர்போவா என்று மாதக்கணக்கில் இதே பேச்சு. ஊர்ப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்ற என்னிடம்தான் சொல்வாய். வெள்ளிக்கிழமைகளில் லேக் கார்டன்ஸில் என் வீட்டுக்கு வந்து என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போவாயே, அப்போது. பெஹாலாவில் உன் வீட்டில் மனைவியும் மகனும் வங்காளத்தில்தான் பேசுவார்கள். வாரத்தில் நீ வாய் நிறையத் தமிழ் பேசியது அந்த வண்டிக்குள் மட்டும்தான்.

இரண்டுமே இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிறவை என்று விளக்கினாய். சூப்பர்சார்ஜர் பெல்ட் போட்டு இன்ஜினோடு ஓடுவது; மிதித்தவுடன் இழுக்கும், ஆனால் இன்ஜின் பலத்திலேயே பங்கு கேட்கும். டர்போ, இன்ஜின் வெளியே தள்ளும் புகையில் சுழல்வது. கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தள்ளும். வீணாய்ப் போவதை வைத்து ஓடுகிறதென்றால் அதுதான் நல்லது என்றேன். வடித்த கஞ்சியைக்கூடக் கொட்டாத கை இது. உனக்கும் மனசெல்லாம் டர்போவில்தான்.

அந்த வாரம் பாபுதாவின் டர்போ வண்டியில் என்னை ஏற்றினாய். டயமண்ட் ஹார்பர் சாலையில் மிதித்தாய், ஒன்றும் நடக்கவில்லை. இவ்வளவுதானா என்று கேட்க வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி வண்டி பாய்ந்தது. அபிஷேகத்துக்கு வைத்திருந்த பால் செம்பு என் புடவையில் கவிழ்ந்தது.

"ஏல, இதை மாட்டினா நான் பஸ்சுல போய்க்கிடுதேன். நீ தனியா பறந்துக்கோ."

நீ சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளியன்று, சூப்பர்சார்ஜரே போடப் போவதாகச் சொன்னாய். எனக்குச் சங்கடமாகிவிட்டது. எனக்காக இல்லை என்று வேறு காரணம் சொன்னாய். டர்போ வண்டியை ஓட்டி வந்து நிறுத்தியதும் அணைக்கக் கூடாதாம். சும்மா ஓடவிட்டு ஆறவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டில் எண்ணெய் உள்ளேயே கருகி டர்போ கெட்டுப்போகும். வண்டி நிற்குமுன் குதித்து இறங்குகிற உனக்கு அந்தப் பொறுமை ஏது?

பேசிக்கொண்டே கோயில் வாசலுக்கு வந்துவிட்டோம். எந்த வண்டியில் போனாலும், போய்ச் சேர்ந்ததும் ருத்திராட்ச மாலையை ஒரு சுற்று உருட்டி முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் நான் இறங்குவேன். வெக்கைக்காக இன்ஜினை அணைக்காமல் ஏ.சி.யை ஓடவிட்டு, நீ வழக்கம்போல ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாய். திடீரென்று தாளம் நின்றது. என் கையைப் பார்த்தாய். சாவியைப் பார்த்தாய். நான் மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்வரை காத்திருந்தாய்.

"எக்கா, டர்போ ஆற இவ்வளவு நேரம் போதும். உன் மாலை இருக்கையில எனக்குப் பொறுமை எதுக்கு?"

"என் பால் செம்பு?"

"சின்ன டர்போவா போடுதேன், சீக்கிரமே பிடிச்சுக்கிடும். நீ ஏறினா பால் ததும்பாம மிதிப்பேன்."

கோபுரத்தைப் பார்த்துச் சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணினாய். ஒரு நாளும் மீறவில்லை. நான் இல்லாத நாட்களில் என்ன செய்தாய் என்று, அக்காவுக்கு வங்காளத்தில் ‘திதி’ என்று என்னைக் கூப்பிடும் உன் மனைவி பிறகு சொன்னாள்: "திதி, வாசலில் வந்து நின்றாலும் இறங்க மாட்டார். வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து தமிழில் ஏதோ முணுமுணுப்பார்."

ஓயாமல் பேசுகிற நான் மாலை உருட்டும்போது மட்டும் வாய் திறக்க மாட்டேன். அதுதான் உனக்கு வசதியாய்ப் போனது. டர்போ ஆறும் அந்த நேரத்தில்தான் மனசில் உள்ளதைச் சொல்வாய். மகனுக்குத் தமிழ் வராத வருத்தம், ஆபீஸ் கசப்பு, எல்லாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் உன்னிடம் சொன்னதையும் அப்படித்தான் சொன்னாய். என் விரல் இருந்த மணியிலேயே நின்றுவிட்டது.

"மாலைய முடி எக்கா. டர்போ இன்னும் ஆறல."

முடித்தேன். எப்படி முடித்தேன் என்று முருகனுக்குத்தான் தெரியும்.

நேற்று மகளிடம், இன்ஜினை மறுபடி போடச் சொன்னேன். மாமா வண்டி இன்னும் ஆறவில்லை என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போட்டாள். நான் மாலையை எடுத்தேன். கொஞ்ச நேரம் போனைப் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, பாதி வங்காளமும் பாதித் தமிழுமாக, ஆபீசில் உடன் வேலை பார்க்கும் ஒருவனைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்பதற்கு என்னிடம் நூறு கேள்வி இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

ஒரு சுற்று முடிந்தது. டர்போ ஆறியிருக்கும். அவள் இன்னும் முடிக்கவில்லை. நான் அடுத்த சுற்றைத் தொடங்கினேன்.