வெளியே போயிருக்கிறார்கள்

அக்டோபர் 12, செவ்வாய்

அக்கா, இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். கடலூரிலிருந்து நீ கொடுத்தனுப்பிய டைரி இது. யாருக்கும் காட்டுவதற்கில்லை. இருந்தாலும் உன்னிடம் பேசுவதாக நினைத்தால்தான் கை ஓடுகிறது. ரோஸ் இப்போதுதான் தூங்கினாள். நாள் முழுக்கத் தூறல்.

முத்தியால்பேட்டை அறையில் சுவர் ஊறிவிட்டது. கை வைத்தால் சுண்ணாம்பு கையோடு வருகிறது. ரோஸுக்கு இருமல் விடவில்லை. இரண்டு வயதுக் குழந்தை, இருமி முடித்ததும் கிழவி மாதிரி பெருமூச்சு விடுகிறது. டாக்டர் சொன்னது: "மருந்து நான் குடுப்பேன். காஞ்ச ரூமு யாரு குடுப்பாங்க?"

இன்று பார்த்த வீடுகள்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒன்று. நல்ல வெளிச்சம். சைகோனிலிருந்து பிரெஞ்சு சர்க்கார் பென்ஷனோடு வந்தவர் ஒருவர் காலையிலேயே விலைக்கு வாங்கிவிட்டார். குடிவரப் போவதில்லையாம். மகன் கலியாணத்துக்கு ஆகும் என்று பூட்டிவைக்கிறார்.

மில் ஓரம் ஒன்று. ஒரே அறை, மூன்று குடும்பம், நடுவே சேலை கட்டி மறைப்பு. இன்னொரு சேலைக்கு இடம் இருக்கிறது என்றார்கள்.

அப்புறம் ஒரு மாட்டுக் கொட்டகை. மாட்டை எப்போது அப்புறப்படுத்துவீர்கள் என்றேன். "மாடு எங்க போவும்? அதுதானே பழைய குடி" என்றாள் வீட்டுக்காரி. தெரு முனை வரை சிரித்துக்கொண்டே வந்தேன். பிறகு அழுகை.

காலேஜில் பொருளாதாரம் படித்தேன். வரத்து ஒரு கோடு, தேவை ஒரு கோடு. பூட்டிவைத்த வீட்டை எந்தக் கோட்டில் சேர்ப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வாங்க வேண்டியது: கெரசின், கற்பூரத் தைலம், ரோஸுக்குக் கம்பளிச் சட்டை.

அக்டோபர் 15, வெள்ளி

வெயில். வீடு கிடைத்துவிட்டது!

மாதா கோவிலுக்குத் தெற்கே. ஓடு போட்டது, இரண்டு அறை, ஒரு கூடம், சொந்தக் கிணறு. தெருவில் கிணற்று வீடு என்றுதான் பேர். சுவரைத் தடவிப் பார்த்தேன். காய்ந்த சுவர். குடிக்கூலி இப்போது கொடுப்பதைவிடக் குறைவு. நம்பாமல் மறுபடியும் கேட்டேன். ஏஜெண்டு லூர்துசாமிக்குக் கோபம்: "கொறச்சலா கேட்டாலும் கஷ்டமா யம்மா உங்களுக்கு?"

வீட்டுக்காரர் பெரிய புள்ளி. நகரசபைத் தேர்தலுக்கு நிற்கிறார். தெருவில் பாதி வீடு அவருடையது. மீதிப் பாதி எதிர்க்கட்சிக்காரருடையது. யார் வீட்டில் குடியோ அவர் கட்சிக்கு ஓட்டு. கேட்க வேண்டியதே இல்லை.

நிபந்தனை ஒன்றே ஒன்று. லூர்துசாமி சொன்னபடி எழுதுகிறேன்.

"மேரியிலேருந்து ஆளு வருவான். அந்தோணி, மிக்கேல், சின்னப்பன்னு மூணு பேரு இருக்காங்களான்னு கேப்பான். இருக்காங்க, வெளிய போயிருக்காங்கன்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

"யாரு அவங்க?"

"முன்ன குடியிருந்தவங்க. அப்பனும் ரெண்டு மவனும். ஓட்டு மட்டும் இங்க இருக்கு."

மேரி என்பது இங்கே நகரசபை ஆபீஸ், உனக்குத் தெரிந்ததுதான். மூவரும் சைகோனுக்குப் போயிருப்பார்கள் என்று நானே நினைத்துக்கொண்டேன். இவர் என் முகத்தைப் பார்த்தார். (இவர் என்றால் ரோஸ் அப்பா. நேரில் பெயர் சொல்லிப் பழக்கமில்லை, டைரியிலும் வரவில்லை.) ரோஸ் இருமினாள். இவர் சரி என்றார்.

அக்டோபர் 19, செவ்வாய்

குடிவந்தோம். கைவண்டியில் ஒரே நடை. இவ்வளவுதானா நம் சாமான் என்று வெட்கம்.

மாதா படம் மாட்ட ஆணி தேடினேன். கூடத்துச் சுவரில் ஏற்கெனவே மூன்று ஆணி, வரிசையாக, சட்டை மாட்டும் உயரத்தில். படத்தை வேறு சுவரில் மாட்டினேன்.

எதிர்வீட்டு மதலேன் அக்கா குழம்பு கொண்டுவந்தாள். மீன் விற்கிறவள், குரல் கடல்வரை கேட்கும். "ரோசு அம்மா, எவ்ளோ நாளைக்கு வந்திருக்க?" இருக்கும்வரை என்றேன். "அதத்தான் கேக்கறேன்" என்றாள்.

அக்டோபர் 23, சனி

மழை. துணி காயவில்லை. மேரி ஆள் வந்தான்.

வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டான். "அந்தோணி!"

"வெளிய போயிருக்காரு."

"எங்க?"

இதற்குப் பதில் யாரும் சொல்லித்தரவில்லை. "மில்லுக்கு" என்றேன்.

"மிக்கேல்?"

"அவரும் மில்லுதான். பகல் வேல."

"சின்னப்பன்?"

"கடலூர் போயிருக்காரு. வந்துடுவாரு."

ஏன் கடலூர்? உன் நினைப்புதான். அவன் குடையை மடக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "மூணு பேருக்கும் நீதான் சோறாக்கிப் போடறியாம்மா? நல்ல பொம்பள." சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போனான். அங்கும் பெயர் கூப்பிட்டான். அங்கும் யாரோ வெளியே போயிருந்தார்.

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று தெரியாது. ஆனால் ரோஸ் நேற்றும் இருமவில்லை, இன்றும் இருமவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 25, திங்கள்

மதலேன் அக்கா தண்ணீர் சேந்த வந்தாள். மேரிக்காரனிடம் என்ன சொன்னாய் என்று கேட்டாள். சொன்னேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"மில்லுக்குப் போனானா அந்தோணி? அடிப்பாவி! அவன் போயி நாலு வருஷம் ஆவுது. பேதி. மொதல்ல அப்பன், அப்பறம் பெரியவன், அந்த வாரம் முடியறதுக்குள்ள சின்னவன். இந்தக் கூடத்துலதான் கெடத்துனாங்க."

அந்தோணியின் சம்சாரம் என்ன ஆனாள் என்றேன்.

"பொழச்சிட்டா. குடிக்கூலி குடுக்க முடியலன்னு வெளிய அனுப்பிட்டாங்க. அரியாங்குப்பத்துல தங்கச்சி வூட்டுல கெடக்கறா. புருஷனயும் புள்ளைங்களயும் வச்சிக்கிட்டு அவள மட்டும் அனுப்பிட்டாங்க. பொம்பளைக்கு ஏது ஓட்டு?"

கூடத்தை இரண்டு தரம் கழுவினேன். ரோஸ் ஈரத் தரையில் குதித்தாள். தூக்கிக்கொண்டேன்.

அக்டோபர் 28, வியாழன்

தூக்கம் இல்லை.

செத்தவர்களைப் பற்றிய பயம் இல்லை, அக்கா. ஆஸ்பத்திரியில் அப்பா பக்கத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேனே. இது வேறு. வெளியே போயிருக்கிறார்கள் என்று சொன்னவள் நான். வெளியே போனவர்கள் வீடு திரும்பத்தானே வேண்டும்? சின்னப்பனைக் கடலூருக்கு அனுப்பியது நான். கடைசி ரயில் சத்தம் கேட்டதும் கணக்குப் போடுகிறேன்: ஸ்டேஷனிலிருந்து நடந்து வர எவ்வளவு நேரம். காற்றில் கதவு ஆடினால் எழுந்து உட்கார்கிறேன்.

நேற்று அரிசி அதிகமாகப் போட்டுவிட்டேன். பானையைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படவில்லை. "பழைய ரூமையும் அன்னிக்கே வேற ஆளு புடிச்சிட்டான். ஊருல பாதி வீடு இப்படித்தான். உயிரோட இருக்கறவனுக்குத்தான் எடம் இல்ல" என்றார். துணிக்கடையில் நாள் முழுக்கக் கணக்கு எழுதிவிட்டு வருகிறவர், படுத்ததும் தூங்கிவிட்டார். அவர் மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்.

அக்டோபர் 30, சனி

ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது. இவரிடம் சொல்லாமல் கோவிலுக்குப் போய், இறந்தவர்களுக்கான பூசைக்கு மூவரின் பெயரையும் கொடுத்தேன். பெயர் எழுதும் உபதேசியார் காதில் கை வைத்துக் கேட்டார். "எந்த வூட்டு அந்தோணி? அந்தோணிக்கா பஞ்சம் இந்த ஊருல?"

கிணற்று வீடு என்றேன்.

திரும்பும்போது உடம்பு லேசாக இருந்தது. அவர்களுக்கு எங்கே போவது என்று யாராவது சொல்ல வேண்டாமா? ராத்திரி நன்றாகத் தூங்குவேன்.

சோப்பு தீர்ந்துவிட்டது.

நவம்பர் 2, செவ்வாய்

என்ன செய்துவிட்டேன்.

விடியற்காலைப் பூசை. கோவில் நிறைய ஜனம், ஈரக் குடைகள், நடுவே இறந்தவர்கள் எல்லாருக்குமாகக் கறுப்புத் துணி போர்த்திய காலிச் சவப்பெட்டி. சென்னையில் நம் காலேஜ் கோவிலில் பெயர்களை ஒரு பெட்டியில் போட்டுப் பீடத்தடியில் வைப்பார்கள். ஆண்டவருக்கு மட்டும் தெரியும். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். கலியாணமாகி வந்த பிறகு இந்தத் திருநாளுக்கு ஒரு வருஷமும் நான் கோவிலில் இல்லை. முதலில் பிரசவம், பிறகு ரோஸுக்குக் காய்ச்சல்.

இங்கே வாசிக்கிறார்கள், அக்கா. பிரசங்கத் தொட்டியில் ஏறி, ஒவ்வொரு பெயராக, வீட்டு அடையாளத்தோடு. ஒரே பெயர் பலருக்கு இருப்பதால் ஆத்துமா மாறிப்போகக் கூடாதாம்.

"கிணற்று வீட்டு அந்தோணி. அவர் மக்கள் மிக்கேல், சின்னப்பன். இவர்கள் ஆத்துமாக்கள் நித்திய இளைப்பாற்றியில்..."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: "ஐயய்யோ, போன வாரங்கூட மில்லுக்குப் போனாருன்னாங்களே!"

கோவிலில் சிரிப்பு. சாமியார் தலையைத் தூக்கிப் பார்த்தார். இன்னொருவன்: "சும்மா இரு. ஓட்டுப் போட வருவாரு, அப்பக் கேட்டுக்க." எதிர்க்கட்சி ஆட்கள். தோளில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். லூர்துசாமி மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி, பெண்கள் பக்கம் ஒவ்வொரு முகமாகத் தேடி, என் முகத்தில் கண்ணை நிறுத்தினான்.

கல்லறைக்குப் போகாமல் வீடு திரும்பினேன்.

நவம்பர் 3, புதன்

லூர்துசாமி வந்தான். உட்காரவில்லை.

"படிச்சவங்க நீங்க. பூச வைக்கணும்னா எங்கிட்ட சொல்லக் கூடாதா? பேரு வாசிக்காம வச்சிருப்பேனே. இப்ப தெருவே சிரிக்குது. எதிர்க்கட்சிக்காரனுங்க மூணு பேரயும் அடிக்கச் சொல்லி மனு எழுதிட்டானுங்க."

அது வேறு வீட்டு அந்தோணி, உபதேசியார் தப்பாக எழுதிக்கொண்டார் என்று மேரியில் வந்து சொன்னால் இருக்கலாம். இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமை காலி செய்ய வேண்டும்.

அவன் போனதும் இவர்: "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள் என்றேன்.

"ஆமா."

ரோஸ் இருவர் மடிக்கும் மாறி மாறி ஓடினாள்.

நவம்பர் 5, வெள்ளி

பின்வாசல் வழியாக எதிர்க்கட்சி ஆள் ஒருவன். வெள்ளை வேட்டி, நல்ல பேச்சு. செத்தது உண்மை என்று கோர்ட்டில் வந்து சொன்னால் போதுமாம். அவர்கள் தெருவில் ஒரு வீடு காலியாக இருக்கிறது. இதே குடிக்கூலி. இன்னும் கொஞ்சம் பெரிது.

காய்ந்த சுவர்களா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டது வேறு: "அந்த வீட்டுல யாரு பேரு இருக்கு?"

கொஞ்சமும் கூசாமல் சொன்னான். "ரெண்டே பேருதான் தங்கச்சி. இதவிட ஒண்ணு கொறச்சல்."

இவர் சிரித்துவிட்டார். மூன்று நாளில் முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன். அவனும் சேர்ந்துகொண்டான், எதற்கென்று தெரியாமல். நாங்கள் நிறுத்திய பிறகு கூடம் அமைதியாக இருந்தது, ஆறு பேர் சிரிப்பை நிறுத்தினாற்போல.

வேண்டாம் என்று அனுப்பிவிட்டோம். லூர்துசாமிக்கும் அதே பதில். தைரியத்தால் அல்ல, அக்கா. மேரியில் போய் நின்றால், மறுபடியும் "மில்லுக்கு, கடலூருக்கு" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். அந்தப் பயம்.

நவம்பர் 6, சனி

பெரிய மழை. சாமான் கட்டுகிறோம்.

மனுவை மேரியில் வாங்கவே இல்லையாம். மேரி வீட்டுக்காரர் கட்சியிடம்தான் இருக்கிறது. செத்தவர்கள் மூவரும் அப்படியே இருக்கிறார்கள். நாங்கள்தான் போகிறோம்.

சாயங்காலம் லூர்துசாமி, சாவி விஷயமாக. கோபமெல்லாம் போய்விட்டது, இவரிடம் சொந்தக்காரன் மாதிரி, பிரெஞ்சு மரியாதையெல்லாம் போட்டுப் பேசினான். "இன்னாசி முசியே, உங்க பேரயும் இந்த வீட்டுல ஓட்டுக்குச் சேத்தாச்சு. அது இருக்கட்டும். நீங்க ஒண்ணும் எடுக்க வேணாம்."

இவர் சொன்னார்: "நான் உயிரோட இருக்கேனே."

"இருங்க. யாரு வேணாம்னா?"

வீட்டைப் பார்க்க அவன்கூட ஒரு பெண் வந்திருந்தாள். என்னைவிட இளையவள், இடுப்பில் கைக்குழந்தை, நனைந்த முந்தானையால் அதன் தலையை மூடியிருந்தாள். நேராகச் சுவரிடம் போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். கூடத்தில் அவன் அவளிடம் சொல்லிக்கொடுத்தது என் காதில் விழுந்தது. "நாலு பேரு. வெளிய போயிருக்காங்கன்னு சொல்லுங்க. அவ்ளோதான்."

இவர் வாசலில் குனிந்து பாத்திர மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அவரைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். "கொஞ்சம் வழி விடுங்கண்ணே" என்றாள். விட்டார்.

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். தெருமுனை வரை அவள் பின்னாலேயே போனேன். அவள் திரும்பி, "நல்ல வீடுங்களாக்கா?" என்றாள். குழந்தைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. "சுவரு காஞ்சிருக்கும்" என்றேன்.

அக்கா, காட்டுவதற்கில்லை என்று எழுதிய பக்கங்களைக் கிழித்து உனக்கே அனுப்புகிறேன். நாளை முதல் மதலேன் அக்கா வீட்டில், மீன் கூடைகளோடு, இரண்டு மூன்று நாள். இவர் கடை மாடியில் படுத்துக்கொள்வார். உன் வீட்டில் விறகு அடுக்கியிருக்கும் அறையை எனக்கும் ரோஸுக்கும் ஒழித்துத் தர முடியுமா, அத்தானைக் கேள். முடியாது என்றாலும் எழுது. பதில் சீக்கிரம் போடு.