தம்பிக்குக் கிடைத்த இடம்

அன்பு மகளுக்கு,

கால்களில் உணர்வு திரும்பியதா? சார்லட் நகர ஆஸ்பத்திரி டாக்டர்களை நச்சரிக்காதே.

நீ சுவரில் மோதிய பிறகு, கார்ப் பந்தயப் பயிற்சியில் உன் இடத்தைத் தம்பி கோல்பிக்கே கொடுத்துவிட்டார்கள். உன் ஹெல்மெட் அவனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

வருகிற நன்றித் திருநாளன்று பயிற்சியாளர் ஹார்லனுக்கு நம் வீட்டில்தான் வான்கோழி விருந்து. "பையன் கண்ணுல சக்கர நாற்காலி படக் கூடாதும்மா. பயம் வந்துட்டா பிரேக்கைத்தான் மிதிப்பான்" என்றார். அப்பா வாசலில் உன் நாற்காலி ஏறுவதற்காகப் போட்ட சாய்வுப் பலகையைக் கழற்றிவிட்டார்.

கோல்பிதான் முரண்டு பிடிக்கிறான். "அக்கா வரலன்னா நான் வண்டியத் தொட மாட்டேன். போங்க, நீங்களும் உங்க வான்கோழியும்!"

நீ சொன்னால் கேட்பான். இன்றே அவனை போனில் கூப்பிட்டு, எங்கள் முகத்தில் விழிக்கவே உனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடு. அழாமல் சொல், கண்ணு. அழுதால் அவன் நம்ப மாட்டான்.

அன்புடன்,
அம்மா