கேட்பதற்கு ஆட்டிய தலை

அன்புள்ள வாத்தியாரம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

இன்று பெரிய கம்பெனி மேனேஜர் என் பாத்திரச் சரக்குக்கு ஒப்பந்தம் பேசினார். அவர் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ள, நான் வழக்கம்போல் தலையாட்டிக் கேட்டேன். சம்மதம் என்று நினைத்துப் பேனாவை நீட்டிவிட்டார். நல்லவேளை, 'எக்ஸ்க்ளூசிவ்' என்றது காதில் விழுந்தது. நீ எழுதி அனுப்பிய ஆங்கிலப் பாடத்தில் வந்த சொல்!

"வேற யாருக்கும் விக்கக் கூடாதா? அதை எடுத்துடுங்க சார்."

"தலையாட்டினீங்களே?"

"கேக்குறதுக்கு ஆட்டினேன் சார், ஒத்துக்கறதுக்கு இல்ல."

சிரித்துக்கொண்டே எடுத்துவிட்டார். பழைய வாடிக்கையெல்லாம் தப்பியது உன் புண்ணியம்.

அடுத்த பாடத்தை உன் குரலில் பதிந்து அனுப்பு. உச்சரிப்புக்காகத்தான். பழைய சொற்களானாலும் பரவாயில்லை.

லாரி வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மக்கு மாணவன்