பாதிக் கல்

எல்க் திட்டு, ஐடஹோ
31 மே 1978

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? நான் இன்னும் கரடிக்கு இரையாகவில்லை. போன புதன்கிழமை தபால் விமானம் வராததால் காப்பித்தூள் தீர்ந்து வெந்நீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். உன் வீட்டில் காப்பி மணக்குமே என்று நினைத்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இந்த வருட வெள்ளம் நான் பராமரிக்கும் ஓடுதளத்தின் கீழ்முனையில் இருநூறு அடியை ஆற்றோடு கொண்டுபோய்விட்டது. வெள்ளைக் கல்லை நூறு அடி மேலே தள்ளினால்தான் அது மறுபடியும் சரிபாதியில் நிற்கும். கல்லைத் தாண்டும்போது சக்கரம் தரையில் அழுந்தாமல் லேசாகிவிட்டால் கிளம்பு, இல்லையென்றால் நிறுத்து என்று எல்லா விமானிகளும் அதை நம்பித்தானே ஓட்டுகிறார்கள். கிளம்பும் மேட்டிலிருந்து பார்த்தால் கீழ்முனை வேறு தெரியாது. முதுகு வலி உயிரை வாங்குகிறது. அடுத்த வாரம் தள்ளிவிடுகிறேன். அத்தானிடமும் சொல்லிவிடு.

உன் தம்பி,
ஓரின்


சாலிஸ்
22 ஆகஸ்ட் 1978

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானை அடக்கம் செய்து இரண்டு வாரமாகிறது. அன்றைக்கு நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். ஒரு வாய் சாப்பிடாமல் போய்விட்டாய்.

விமான விபத்தை விசாரிக்கும் அதிகாரி வந்திருந்தார். காற்று தாங்காத உச்சி வெயிலில், சுமையோடு கிளம்பியது விமானியின் தவறு என்று எழுதப்போகிறாராம். காப்பிக் கடையில் என் காதுபடவே பேசுகிறார்கள், "டெல்மருக்கு வயசாயிடுச்சு, வீட்டுல உக்காந்திருக்கணும்" என்று. எனக்கும் அவர்மேல் ஆத்திரம்தான். பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா இப்படிச் செய்வார்? அவர் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.

ஆனால் வேட் கட்டுப்போட்ட காலோடு படுத்துக்கொண்டு ஒன்றையே சொல்கிறான். "கல்லுகிட்ட சக்கரம் லேசாயிடுச்சும்மா. சரியா இருக்குன்னுதான் அப்பா போனாரு." யாரும் அவனை நம்பவில்லை. நீ அங்கேதான் நின்றாய். என்ன நடந்தது என்று எனக்கு எழுது.

அக்கா


எல்க் திட்டு
30 ஆகஸ்ட் 1978

அன்புள்ள அக்கா,

என்ன எழுதுவது? "காலையில போங்க அத்தான், வெயில் ஏறிடுச்சு" என்று எவ்வளவோ சொன்னேன். "நீ சும்மா இருடா, பொழுதோட வீட்டுக்குப் போகணும்" என்றார். அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா?

வேட் சின்னப்பையன், அதிர்ச்சியில் பேசுகிறான். கல் சரிபாதியில்தான் நிற்கிறது. அடியெண்ணி அளந்து அதிகாரியிடமும் காட்டினேன். இதையே கிளறிக்கொண்டிருக்காதே. போனவர் போய்விட்டார். உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே காட்டு பெர்ரி நிறையப் பழுத்திருக்கிறது, தபால் விமானத்தில் ஒரு வாளி அனுப்புகிறேன்.

உன் தம்பி,
ஓரின்


சாலிஸ்
12 செப்டம்பர் 1978

ஓரினுக்கு,

உன் பெர்ரி வாளி வந்தது. அப்படியே குப்பையில் கொட்டினேன்.

அதைக் கொண்டுவந்த தபால் விமானி ஹார்லனை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். கல்லைப் பற்றிக் கேட்டேன். "போன மாசம் ரெண்டாம் தேதி கல்லு பழைய எடத்துலதான் இருந்துச்சுங்க. ஒன்பதாம் தேதி போறேன், நூறடி மேல நிக்குது. பழைய எடத்துல புல்லு வெளுத்து வட்டமா கெடக்கு" என்றான். சொன்ன பிறகுதான் நடுவில் வந்த, அத்தான் விழுந்த சனிக்கிழமை அவனுக்கு ஞாபகம் வந்தது. பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

உன் மே மாதக் கடிதம் என்னிடம் இருந்தது. அதை அன்றைக்கே அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "ஓரின் சோம்பேறிதான். ஆனா சொன்னா செஞ்சிடுவான்" என்று சிரித்தார். அந்த நம்பிக்கையில்தான் உன் கல்லைப் பார்த்து ஓட்டியிருக்கிறார். நானோ ஒரு மாதமாக அந்த மனிதரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஊரே திட்டியது. நீ கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய்.

அப்போதே வந்து, "அக்கா, நகர்த்த மறந்துட்டேன்" என்று அழுதிருந்தால் நானும் உன்னோடு அழுதிருப்பேன். நான் பெற்ற பிள்ளையைப் பொய்யனாக்கிவிட்டாயே.

உன் இரண்டு கடிதங்களையும் அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். படத்தை நேராகத் திருப்பி வைத்தாயிற்று. இனி எனக்கு எழுதாதே. ஹார்லன் வாங்கமாட்டான், சொல்லிவிட்டேன்.

ஒன்றுதான் கேட்க வேண்டும். இரண்டு மாதம் குனிய விடாத முதுகு, அவர் செத்த நாலாம் நாளுக்குள் எப்படிச் சரியானது?

லியோரா